மூத்தவனுக்கு, வேலூரிலிருந்து

அன்புள்ள பெரியவனுக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்ததிலிருந்து தண்ணீர்த் தொட்டியை அவரே ஏறி எட்டிப் பார்க்கிறார், சொன்னால் கேட்பதில்லை. தங்கச்சி போன வாரம் வந்து போனாள். மற்றக் கதையெல்லாம் அப்புறம்.

போனில் பேச முடியாததால்தான் எழுதுகிறேன். எடுத்தால் "ம்", "சரிம்மா", "மீட்டிங் இருக்கு", அதோடு முடிந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் வீட்டுக்காரி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவளைப் போய்க் கேட்காதே. நீ வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த நேரம் எனக்கே தெரிகிறது. தினமும் விடிகாலை மூன்றரை, நாலு. ஆபீஸ் வேலை என்று அப்பாவிடம் சொல், நம்புவார். இத்தனை வருஷம் பாகாயம் மனநல ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் டியூட்டி பார்த்தவளிடம் சொல்லாதே.

வயிற்றெரிச்சல் என்று எண்டோஸ்கோபி பார்த்தாய், ஒன்றுமில்லை. நெஞ்சு படபடப்பு என்று ஈசிஜி, எக்கோ, ஒன்றுமில்லை. தலை பாரம் என்று கண்ணாடியை மாற்றினாய். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாய், அப்பா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். எனக்கு ஒவ்வொரு நார்மலுக்கும் பயம்தான் கூடியது.

பாகாயத்தில் நான் பார்த்த ஆண்களில் "மனசு சரியில்லை சிஸ்டர்" என்று வந்தவர் அபூர்வம். கை கால் குடைச்சல், உடம்பெல்லாம் சூடு, மார்பை அழுத்துகிறது, சோறு இறங்கவில்லை, இப்படித்தான் வருவார்கள். அதிலும் வீட்டுக்கு மூத்தவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். யாரும் நடிக்கவில்லை, வலி நிஜம். நம் வீடுகளில் உடம்புக்கு முடியவில்லை என்றால் கஞ்சி கிடைக்கும், லீவு கிடைக்கும். மனசுக்கு என்றால் "உனக்கென்ன குறை" என்ற கேள்விதான் கிடைக்கும். பிறகு மனசின் பாரத்தையும் உடம்புதானே சொல்லியாக வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், எடுத்ததற்கெல்லாம் அலுப்பாக இருந்தால் டாக்டர்கள் அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரை நான் எழுதப் போவதில்லை. டாக்டர் சொல்லட்டும்.

நீ தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறாய், பாப்பா கூப்பிட்டால்கூடத் திரும்புவதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

தங்கச்சி கல்யாணத்தை நீ நின்று நடத்திய விதத்தை இன்னும் தெருவில் பேசுகிறார்கள். அப்பாவின் ஆபரேஷன், இந்த வீட்டு லோன், எதற்கும் நீ முகம் சுளித்ததில்லை. இப்படி ஒரு பிள்ளை யாருக்கு அமையும்? ஆனால் உனக்கென்று யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை நீ. அதைப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அது திமிராகத்தான் தெரிகிறது. சின்ன மாமாவும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அப்புறம் அந்த மாத்திரை. தூங்குவதற்கு நண்பன் கொடுத்தான் என்றாய், பேரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டாய். அல்பிரசோலம் வகை என்றால் டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. பழகிவிடும், அளவு ஏறிக்கொண்டே போகும். தினமும் போடுகிறாய் என்றால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்கிற மாதிரி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அது போடுகிற ராத்திரி வேறு எதையும் குடிக்காதே. எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

டாக்டரைப் பார். அவர் கொடுக்கும் மருந்து வேறு மாதிரி. குணம் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகலாம். முதல் வாரத்திலேயே பிரயோஜனமில்லை என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களோடு நான் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்! ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படாதே. 2017 மனநலச் சட்டப்படி உன் சிகிச்சை விவரம் ரகசியம். உடம்பு நோய்க்கு இருக்கிற மாதிரியே இதற்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உடனே டாக்டரிடம் போக மனசு வரவில்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணு. அரசாங்கத்தின் டெலி மானஸ், மனசு சரியில்லாதவர்களோடு போனில் பேசுகிற சேவை, 2022-இல் தொடங்கியது. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம், விடிகாலை மூன்றரைக்கும் எடுப்பார்கள்.

அப்பா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வரச் சொல்கிறார். சிரிக்காதே. நம் மாநிலத்துக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைக் கவனித்து பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2002-இல் எழுதினார்கள். பெரிய சடங்கு ஒன்றுமில்லை. சொந்தக்காரர் ஒருவர் துணைக்கு இருக்க, கோயிலில் சின்னச் சின்ன வேலை செய்துகொண்டு சில வாரம் இருந்ததிலேயே தொந்தரவு ஓரளவு குறைந்திருந்தது. அதற்காக டாக்டரை விட்டுவிடாதே, இரண்டும் இருக்கட்டும். எங்கள் வார்டிலும் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். 1950களிலேயே அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியில் வித்யாசாகர் என்ற டாக்டர் மைதானத்தில் கூடாரம் போட்டு, நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தார். வெளிநாட்டு டாக்டர்கள் வந்தால் எங்கள் வார்டில் அதைத்தான் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது சாதாரணம், தனியாக விட்டால்தான் அதிசயம். நீயோ பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்குக்கூடத் தெரியாமல் எழுந்து போய் ஹாலில் உட்கார்ந்திருக்கிறாய்.

அவளிடம் சொல். முழுசாகச் சொல்ல வேண்டாம், "தூக்கம் வரல" என்று மட்டுமாவது சொல். டாக்டரிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போ.

அடுத்த மாதம் நான் வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று, அரக்கோணத்தில் ஏறுகிறேன், வேண்டாம் என்று போன் பண்ணாதே. பாப்பாவைப் பார்க்க வருகிறேன் என்று தெருவில் சொல்லியிருக்கிறேன், அங்கேயும் அப்படியே சொல். சமையலறையில் தலையிட மாட்டேன் என்று மருமகளிடம் சொல்லிவை. நான் வருவதற்குள் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடு. வயிற்று டாக்டரிடம் இல்லை.

அம்மா