முதல் நாள் குறிப்பில் முதுகு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலையிடத்தில் அடிபட்டவர் வழக்குப் போட்டால், டாக்டர் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவரின் வழக்கைச் சிங்கப்பூர் அரசு நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்கும்வரை.

ஏணியிலிருந்து விழுந்தவர் அவர். வலது மணிக்கட்டு முறிந்து வீங்கிவிட்டது, முதுகிலும் வலி. கிளினிக்கில் டாக்டரிடம் மொழிபெயர்த்துப் பேசியதெல்லாம் கூடப் போன மேற்பார்வையாளர்தான். அவர் கையைப் பற்றிச் சொன்னார், டாக்டரும் கையைப் பற்றி எழுதினார். தம்பி முதுகைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். எலும்பு முறிந்த கை கண்முன் தொங்கும்போது முதுகை யார் பார்ப்பார்கள்? ஆறு வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போனபோதுதான் முதுகு வலி குறிப்பில் ஏறியது.

நீதிமன்றத்தில் இரண்டு எலும்பு நிபுணர்கள். இருவர் கையிலும் இருந்தது ஒரே எம்ஆர்ஐ படம். விழுந்ததில் முதுகெலும்புத் தட்டு பிதுங்கியது என்றார் ஒருவர். இது தேய்மானம், நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு வலியே இல்லாமலும் இப்படி இருக்கும் என்றார் மற்றவர். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று இருவரையும் கேட்டார் நீதிபதி. நம்மவர் பக்க டாக்டரின் அறிக்கையில் 'விபத்துடன் ஒத்துப்போகிறது' என்ற ஒற்றை வரிதான் இருந்தது. எதிர்த்தரப்பு டாக்டரோ முதல் நாள் குறிப்பை எடுத்து வைத்து, ஆறு வாரம் இந்த வலி எங்கே இருந்தது என்று கேட்டார். கைக்கு இழப்பீடு கிடைத்தது, முதுகுக்குக் கிடைக்கவில்லை.

அந்த எதிர்த்தரப்பு டாக்டர் காசு வாங்கிக்கொண்டு பேசினார் என்று தொழிலாளர் விடுதியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த நீதிமன்ற விதிகளின்படி, நிபுணரின் கடமை முதலில் நீதிமன்றத்துக்கு, கட்டணம் கொடுத்தவருக்கு அப்புறம்தான். நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் நிபுணர் சாட்சியத்தைக் கொண்டுவர முடியாது. கூடுமானவரை இரு தரப்பும் சேர்ந்து ஒரே நிபுணரை அமர்த்தவேண்டும் என்றும் இருக்கிறது. சான்றுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு நிபுணர் கருத்துக்கு இடம் கொடுக்கிறது, நீதிக்கு உகந்ததல்ல என்றால் ஒதுக்கவும் விடுகிறது. அனுமதிப்பது வேறு, நம்புவது வேறு. எத்தனை பட்டம் பெற்றவர் சொன்னாலும், காரணம் காட்டாத கருத்துக்கு அங்கே மதிப்புக் குறைவு. நம்மவர் தோற்றது அதனால்தான்.

வழக்குக்குப் போகாமல், வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் மனிதவள அமைச்சிடம் கோருகிறவர்கள் முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் கோரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் நிரந்தரப் பாதிப்பு எத்தனை விழுக்காடு என்று கணிப்பவரும் டாக்டரே. அவர் முன்னாலும் அந்தப் பழைய குறிப்புதான் இருக்கும்.

ஆகவே கிளினிக்குகளிடம் ஒன்று கேட்கிறேன். வேலையிட விபத்தில் அடிபட்டு வருகிறவரிடம் எந்த மொழியில் விசாரித்தீர்கள், மொழிபெயர்த்துச் சொன்னவர் யார் என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். 'மேற்பார்வையாளர் சொன்னது' என்று அன்றைக்கு எழுதியிருந்தால், முதுகு ஏன் விடுபட்டது என்று நீதிபதிக்கு விளங்கியிருக்கும். மூன்றரை ஆண்டு கழித்துச் சாட்சி சொன்ன அன்று, தம்பியின் பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்து, அவர் முனகியதைக்கூட விடாமல் மொழிபெயர்த்தார்.

ஓய்வுபெற்ற பாதுகாப்பு மேற்பார்வையாளர்,
உட்லண்ட்ஸ்