போனில் மரணச் செய்தி சொல்லும் பிள்ளைகளுக்கு ஆறு மணி நேரம் கொடுங்கள்

கொங்கு மண்டல மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

இறுதியாண்டு மாணவர்களின் பாலியேட்டிவ் கேர் (தீரா நோயாளிகளின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை) வகுப்புகளைக் கொரோனா பெருந்தொற்றின் பெயரால் ஒரு மணி நேர இணைய உரையாகச் சுருக்கிய சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறோம். அவர்களுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம், சிறு குழுக்களாக, செய்துபார்க்கும் பயிற்சி வேண்டும்.

2021 மே மாதம் கோவையின் ஒருநாள் தொற்று சென்னையைத் தாண்டியபோது வார்டுகள் இருந்த நிலை உங்களுக்கே தெரியும். வெளியே நின்ற உறவினருக்குப் போன் செய்யும் வேலை, படிப்பை முடித்துப் பயிற்சி மருத்துவராக இருக்கும் ஹவுஸ் சர்ஜன் தலையில் விழுந்தது. தொற்றைத் தடுக்கும் பிபிஇ முழு உடைக்குள் வியர்த்து, முகக்கவசத்துக்குள் குரல் மழுங்கி, "ரொம்ப சீரியஸுங்க" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். "அப்பாருக்கு ஆக்சிஜன் வெச்சிருக்கீங்கல்ல சாமி?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அப்பாரு இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

இதில் மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேசுவது யார், என்ன உறவு, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா, பக்கத்தில் ஆள் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். இதுவரை அவருக்கு என்ன தெரியும் என்பது அடுத்து. "கஷ்டமான சேதி சொல்லணுங்க" என்று தயார்படுத்திவிட்டு, "இறந்துட்டாருங்க" என்று சுற்றிவளைக்காமல் சொல்லி, பிறகு பேசாமல் காத்திருக்க வேண்டும். அழுகை அடங்குமுன் உடலை வாங்கும் படிவத்தைப் பற்றிப் பேசக் கூடாது. இரண்டு மாணவர்கள், இரண்டு போன்கள், கேட்டுத் திருத்த ஓர் ஆசிரியர், கால் மணி நேரம். ஊரடங்குக் காலத்திலும் இதைச் செய்திருக்க முடியும்.

கடும் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் மார்ஃபின் மருந்தை எழுதவும் இப்படித்தான் பழக வேண்டும். ஆக்சிஜன் கொடுத்தும் மூச்சுத்திணறல் அடங்காமல் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு, 10 மில்லிகிராம் மாத்திரையில் கால்வாசி, அதாவது 2.5 மில்லிகிராம், நான்கு மணிக்கொருமுறை கொடுத்துத் தொடங்கலாம். சிறுநீரகம் பழுதென்றால் இடைவெளியை நீட்ட வேண்டும். புற்றுநோய் வலிக்கு 'தேவைப்பட்டால்' என்று எழுதினால் வலி முந்திக்கொள்ளும். மணி பார்த்தே கொடுக்க வேண்டும். கூடவே மலமிளக்கி எழுத மறந்தால் நாலாம் நாள் வயிறு கட்டிக்கொண்டு நோயாளியே மாத்திரையை நிறுத்திவிடுவார். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தம் மார்ஃபின் பெறும் வழியை எளிதாக்கியது. ஆனால் எழுதப் பயப்படும் கை இருந்தால், மலைமேல் உள்ள தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருகிறவர் வலியோடுதான் திரும்பிப் போவார்.

கேள்வித்தாளில் வராததைக் கற்பிக்க நேரமில்லை என்பது நம் கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. அரிய நோய்களின் பெயர்களை ஒப்பிக்கும் பிள்ளைக்குச் சாகிறவரின் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. இது எங்களுக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது.

கோபத்தை ஒதுக்கிவைத்துப் பணிவாகவே கேட்கிறோம்: ஹவுஸ் சர்ஜனாகச் சேருமுன் ஒவ்வொரு மாணவருக்கும் அந்த ஆறு மணி நேரத்தைக் கொடுங்கள். எதிர்முனையில் உறவினராகப் பேசவும், மார்ஃபின் சார்ட்டைத் திருத்தவும் நாங்கள் வருகிறோம். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நோய் ஆதரவு சிகிச்சைப் பணியாளர்கள்