பள்ளிக்கரணை: தாக்கப் பகுதியை நீரோட்டத்தின்படி வரையறுக்கக் கோரும் மனு

பெறுநர்
உறுப்பினர் செயலர்,
சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்,
எழும்பூர், சென்னை – 600 008.

பொருள்: பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றிலும் குடியிருப்புத் திட்ட அனுமதி – தாக்கப் பகுதி வரையறை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. தாக்கப் பகுதி, அதாவது சதுப்பின் நீரையும் உயிர்ச்சூழலையும் பாதிக்கக்கூடிய சுற்றுப்புற நிலம், எதுவென்று முடிவாகும் வரை, ராம்சர் தலத்தின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் திட்ட அனுமதி தரக் கூடாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025இல் உத்தரவிட்டது. இடைக்காலத் தடையாக இது அவசியமே. ஆனால் அதே ஒரு கிலோமீட்டரை நிரந்தரக் கோடாக்கிவிட வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை.

தண்ணீர் கிலோமீட்டர் பார்த்து ஓடுவதில்லை. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை ஏரிகளின் கலங்கல் நீர் நாராயணபுரம் ஏரி வழியாகத்தான் சதுப்பை அடைகிறது. செம்பாக்கம் அந்தக் கோட்டுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. அங்கே உபரிநீர்க் கால்வாயை ஒட்டிக் காம்பவுண்டுச் சுவர் எழுந்தால் கேட்பாரில்லை. கோட்டுக்குள்ளேயோ, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வீடுகள் நிறைந்துவிட்ட மேட்டுத் தெருவில் பழைய வீட்டை இடித்துக் கட்டவும் வழியில்லை. இரண்டுமே தவறு.

பிரச்சினை கட்டடத்தில் மட்டும் இல்லை, அதற்கு முன் நிலத்தை உயர்த்தக் கொட்டும் கிராவல் மண்ணில் இருக்கிறது. ஒரு ஏக்கர் தாழ்நிலத்தை நான்கு அடி உயர்த்தினால், அங்கே தேங்கி நின்றிருக்கக்கூடிய ஏறக்குறைய 49 லட்சம் லிட்டர் தண்ணீர் வேறு இடம் தேடும். 12,000 லிட்டர் லாரியில் 410 லோடு. அது பக்கத்து மனைக்குப் போகும். அடுத்த ஆண்டு அந்த மனைக்காரரும் ஐந்து அடிக்கு நிரப்புவார். கடைசியில் சாலைதான் கால்வாயாகிறது. மழைநீர்க் கசிவுக்குழி இதற்கு மாற்றாகாது. சதுப்பை ஒட்டிய களிமண்ணில், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும்போது, குழி முதல் மழையிலேயே நிரம்பிவிடும். அங்கே மூடிய சேமிப்புத் தொட்டிதான் பயன்படும்.

எனவே, தாக்கப் பகுதியைத் தரைமட்ட அளவீட்டின்படியும், ஏரியிலிருந்து சதுப்பு வரையிலும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வரையிலும் நீர் செல்லும் வழியின்படியும் வரையறுக்க வேண்டும். அதைச் சர்வே எண் வாரியாக, புலப்படத்தின் (நில அளவை வரைபடத்தின்) மேல் வரைந்து இணையத்தில் வெளியிட வேண்டும். மனை வாங்குகிறவர் முன்பணம் கொடுக்கும் முன்பே பார்க்க முடிய வேண்டும். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் கூறும் 50 மீட்டர் கட்டுமானத் தடையை, சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து அளந்து தரையில் கல் நட்டுக் காட்டவும் வேண்டுகிறோம்.

அனுமதிக்கும் இடங்களிலும் மண் நிரப்ப விடாமல், தூண்கள் மேல் தளம் எழுப்பச் சொல்லலாம். விண்ணப்பத்தில் மனையின் தற்போதைய மட்டம், சாலை மட்டம், கால்வாய் அடிமட்டம் மூன்றையும் கேளுங்கள். பணி நிறைவுச் சான்றிதழ் தரும்போது அதே மூன்றையும் மறுபடி அளந்து பாருங்கள். இப்போது சரிபார்ப்பு பெரும்பாலும் பக்கவாட்டு இடைவெளியோடு நின்றுவிடுகிறது.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் பொதுப் பயன்பாட்டுக்காக ஒப்படைக்கும் 10 சதவீதத் திறந்தவெளி நிலம், துண்டு துண்டாக, விற்காத மூலைகளில் வருவதைக் காண்கிறோம். அது ஒரே துண்டாக, மனையின் மிகத் தாழ்ந்த பக்கத்தில், கால்வாயை ஒட்டி இருக்க வேண்டும். சுவரும் சிமெண்ட் நடைபாதையும் வேண்டாம். மழையில் அது குளமாகட்டும், கோடையில் பிள்ளைகள் விளையாடட்டும்.

வீடுகள் எங்கே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையிலும் மேடவாக்கம் வழியாகவும் இரண்டாம் கட்ட மெட்ரோ வருகிறது. அந்த நிலையங்களுக்கு அருகே ஏற்கெனவே கட்டப்பட்ட மேட்டுநிலத்தில் கூடுதல் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) அளித்து, பழைய அடுக்குமாடிகளின் மறுகட்டுமானத்துக்கு முன்னுரிமை தாருங்கள். கழிவுநீர் இணைப்பும் அங்கேயே இருப்பதை உறுதி செய்த பிறகு மட்டும்.

வரைவு வரைபடத்தின் மீது வார்டு அளவில் ஆட்சேபக் கூட்டம் நடத்தி, அதற்கான தேதியை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளிக்கரணை, நாராயணபுரம், கீழ்க்கட்டளை, செம்பாக்கம் பகுதிக் குடியிருப்போர்

நகல்: மாவட்ட ஆட்சியர், செங்கல்பட்டு; நீர்வளத் துறை