கூரையில் தெரிந்த மாமரம்

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, உன் மங்கின காரின் படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். முழுக்கப் புதுப் பெயின்ட் அடிக்க அங்கே மெல்பேர்ன் கராஜில் கேட்ட காசு, நீ கார் வாங்கிய விலையில் பாதி என்றாய். "நானே பொலிஷ் போட்டுப் பார்க்கட்டா அப்பா?" என்றும் கேட்டாய். செய் மகள், உன்னால் முடியும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் படத்தில் கண்டதைச் சொல்கிறேன். உன் காரின் பொனட்டும் டிக்கியும் மங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். அவை திரும்பி வரும். கூரையின் முன் விளிம்பில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறதே, ஓரமெல்லாம் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து, அந்தக் கதை வேறு. நீல நிறத்துக்கு மேலே அதைக் காக்கிற, கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு அங்கே செத்துவிட்டது. உலகத்தில் எந்தப் பொலிஷும் அதை மீட்காது, பெயின்ட் அடித்தால்தான் உண்டு. தேய்த்தால் உரிவு இன்னும் அகலும், ஆகவே அந்த இடத்துக்குக் கிட்டவும் போகாதே. கூரையும் பொனட்டும்தான் எந்தக் காரிலும் முதலில் போகும், வெயிலுக்கு நேரே மல்லாந்து கிடப்பவை அவைதானே. மெல்பேர்ன் கோடை வெயில் லேசுப்பட்டதும் இல்லை. பக்கக் கதவுகளைப் பார், இன்னும் நல்லாயிருக்கின்றன. உன் கார் முன்பு எப்படி இருந்தது என்று அவற்றைப் பார்த்தால் தெரியும்.

அம்மப்பாவின் சிவப்புக் கொரோலாவை நான் எடுத்துச் செய்த கதை உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். 1986ஆம் ஆண்டு வண்டி. அவர் போனபிறகு மாமரத்துக்குக் கீழே ஏழு வருடம் நின்றது. காக எச்சம், வௌவால் எச்சம், மாம்பூக் காலத்தில் ஒட்டுகிற பிசின், கச்சான் வீசினால் புழுதி, வாடை வந்தால் கடல் உப்பு, எல்லாம் அதன் மேலேதான். சிவப்பு என்று சொல்லவே முடியாது, காய்ந்த மாதுளந்தோல் போல ஒரு நிறம். விரலால் தடவினால் சோக்கட்டித் தூள் ஒட்டுகிற மாதிரி ஒட்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதன் பிறகு ஊரில் பழைய கார்களுக்கெல்லாம் விலை ஏறியது. ஒருவர் வீட்டுக்கே வந்து நல்ல விலை கேட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பி உள்ளே போய்விட்டா. அதன் பிறகு விற்கிற பேச்சை நான் எடுக்கவேயில்லை.

கை வைத்தது 2022இல். பெட்ரோலுக்கு வரிசை கிலோமீட்டர் கணக்கில் நின்றது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கார் ஓடவும் வழியில்லை, மெஷின் ஓட்டவும் வழியில்லை. கையும் துணியும் ஒரு டப்பா பொலிஷும்தான் இருந்தன. விடிய ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏற நிறுத்திவிடுவேன். முதல் நாள் துடைத்த துண்டை கிணற்றடியில் போட்டுவிட்டு உள்ளே போனேன். அம்மா அதைக் கண்டு, நான் எங்கேயோ கையை வெட்டிக்கொண்டேன் என்று பதறி ஓடி வந்தா. அத்தனை சிவப்பு.

அந்தச் சிவப்புக்குக் காரணம் உண்டு, உனக்கு அது முக்கியம். அந்தக் காலத்துச் சிவப்பு, வெள்ளைக் கார்கள் பலவற்றில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் கிடையாது, நிறமே வெளித்தோல். பெயின்டில் நிறத்தூளைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது ஒரு பிசின். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பிடி விட்ட தூள் மேலே வெளிறி நிற்கும். பொலிஷ் போட்டால் அந்தச் செத்த தூள் துணிக்கு வந்து, கீழே உயிரோடு இருக்கிற சிவப்பு தெரியும். உன்னுடையது 2009ஆம் ஆண்டுக் கார், அதில் கிளியர் கோட் இருக்கிறது. ஆகவே நீ தேய்க்கும்போது துணியில் அழுக்கு வரலாம், பொலிஷின் வெள்ளை வரலாம், நீலம் வரக்கூடாது. நீலம் வந்தால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே கையை எடுத்துவிட்டு எனக்கு போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், அதாவது அடியில் பூசுகிற பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோன். அதில் கிளியர் கோட் 40, 50தான். உன் தலைமுடி ஒன்றின் தடிப்பு கிட்டத்தட்ட 70. முடியை விட மெல்லிய ஒரு தோலின் மேல்தான் நீ வேலை செய்யப் போகிறாய். வெயிலைத் தடுக்கிற சத்தும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தேய்ப்பிலும் அதில் கொஞ்சம் போகும், போனது திரும்ப வராது. பிள்ளை, இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

இனி வேலை. பாதி வேலை கழுவுவதுதான். மங்கின காரைக் கண்டதும் எல்லாருக்கும் பொலிஷ் டப்பாவைத் திறக்கத்தான் கை போகும், எனக்கும் போனது. மணல் இருக்கிற உடம்பில் துணியைப் போட்டுத் தேய்த்தால், துணி சாண்ட் பேப்பராகிவிடும். சூரிய வெளிச்சத்தில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரிகிற கீறல்கள் பெரும்பாலும் அப்படிக் கழுவியதால் வந்தவைதான். ஆகவே முதலில் வெறும் தண்ணீரை நிறைய அடித்து மணலை இறக்கு. பிறகு இரண்டு வாளி வை. ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் நல்ல தண்ணீர். கழுவுகிற கையுறையை ஷாம்பூவில் தோய்த்துக் காரில் ஒரு பகுதியைக் கழுவு, அதை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஷாம்பூவுக்குப் போ. மேலிருந்து கீழே வா. சில்லுக்குக் கிட்டே இருக்கிற பகுதிதான் கடைசி, அங்கேதான் மண் அதிகம். கழுவி முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடு, காற்றில் காய விடாதே. நம் கிணற்றுத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு விழுந்திருந்தது. வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒற்றி, உடனே கழுவித்தான் அதை எடுத்தேன்.

கழுவிய பிறகு ஒரு வேலை செய். பாண் சுற்றி வருகிற மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பொனட்டை மெதுவாகத் தடவிப் பார். வெறும் விரலுக்குத் தெரியாத நொறுங்கல் எல்லாம் பையின் ஊடாகத் தெரியும், அரிசி மாவில் குறுநொய் கிடப்பது போல. அது பிரேக்கிலிருந்து பறக்கிற இரும்புத் துகள், பிசின், தார். அதை எடுக்கத்தான் கிளே பார் என்று களிமண் கட்டி மாதிரி ஒன்று விற்கிறார்கள். ஒரு சின்னத் துண்டைத் தட்டையாக்கி, அதோடு விற்கிற வழுக்கல் தண்ணியை நன்றாக விசிறி, அழுத்தாமல் வழுக்க விடு. முதலில் கரகரவென்று பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிடும், அடங்கினால் போதும். அடிக்கடி மடித்துப் புது முகத்தை எடு. நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடு. எத்தனை டொலர் கொடுத்து வாங்கியிருந்தாலும் எறிந்துவிடு, ஒரு மணல் அதில் ஒட்டியிருந்தாலே போதும்.

அப்புறம்தான் பொலிஷ். டிக்கியின் மேல் ஒரு மூலையில் மாஸ்கிங் டேப்பால் இரண்டடிச் சதுரம் கட்டிக்கொள். கடையில் இருப்பதிலேயே மென்மையான பொலிஷும் மென்மையான ஃபோம் பேடும் முதலில். போட்டுப் பார், துடை, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார். போதுமென்றால் முழுக் காருக்கும் அதுதான். போதாவிட்டால் அதே பொலிஷோடு கொஞ்சம் கடினமான பேட். அதற்கும் மசியாவிட்டால்தான் கொம்பவுண்ட், பொலிஷை விடக் கரடாகத் தேய்ப்பது அது. நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்து நகம் தடுக்கிற கீறல்களை விட்டுவிடு, அவை தேய்த்துப் போகிற ஆழம் இல்லை. அந்தக் கீறல்களோடும் கார் அழகாகத்தான் இருக்கும். பொலிஷில் இருக்கிற எண்ணெய் கீறலை மூடிப் பொய் மினுக்கம் காட்டும். அதனால் ஐசோபுரோபைல் அல்கஹோலைத் தண்ணீர் கலந்து விசிறித் துடைத்த பிறகு தெரிவதை மட்டும் நம்பு.

மெஷின் வாங்குவதென்றால் டுவல் அக்‌ஷன் வகை வாங்கு. தன்னைச் சுற்றிக்கொண்டே ஆடியாடிப் போவது அது. ஒரே அச்சில் சுற்றுகிற ரோட்டரி வேண்டாம். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். அடுத்த வருடம் மின்சாரம் சீரானதும், தெரிந்த ஒரு டிங்கர் வேலைக்காரரிடம் ரோட்டரி ஒன்றை ஒரு நாளைக்கு வாங்கி வந்தேன். கையால் இரண்டு மாதம் தேய்த்த பொனட்டுக்குக் கடைசி மினுக்கம் கொடுக்க ஆசை. வலது பக்க லைட்டுக்கு மேலே பொனட் வளைந்து இறங்குகிற விளிம்பில் மெஷின் ஒரு கணம் அதிகமாக நின்றிருக்கும். கருகின மணம் வந்தது. எடுத்துப் பார்த்தால், சின்னி விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம். பிரைமர். விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ட் எப்போதும் மெல்லிசாகத்தான் இருக்கும், சூடும் அங்கேதான் ஏறும். மெஷினை நிறுத்திவிட்டுத் திண்ணையில் போய் வெகு நேரம் இருந்தேன். அம்மப்பா சண்டைக் காலத்திலும் சோதனைச் சாவடிகளைத் தாண்டித் தாண்டிக் காத்து வைத்திருந்த பெயின்ட் அது. என் கையில் இரண்டு செக்கனில் போய்விட்டது. இப்போதும் காரைக் கழுவும்போது அந்த இடத்தில் விரல் தானாகப் போய் நிற்கும்.

ஆகவே எல்லா விளிம்பிலும், மடிப்பிலும், கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் டேப் ஒட்டு. பிளாஸ்டிக்கில் பொலிஷ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. பேடில் பட்டாணி அளவுக்கு நாலு பொட்டு போதும். காரில் வைத்த பிறகே மெஷினைப் போடு, இல்லாவிட்டால் சுவரெல்லாம் தெறிக்கும். இரண்டடிக்கு இரண்டடி, முதலில் இடம் வலம், பிறகு மேல் கீழ், முந்தின தடத்தில் பாதி மேலே ஏறுகிற மாதிரி, நத்தை வேகத்தில். இடையிடையே புறங்கையை வைத்துப் பார், சுட்டால் நிறுத்து. வெயிலில் நின்ற கார் என்றால் ஆறும் வரை பொறு. ஒவ்வொரு சதுரம் முடியவும் பேடைத் துப்புரவாக்கு. ஒரு நாளில் பொனட் மட்டும் முடிந்தால் அது நல்ல வேலை.

பொலிஷ் போட்ட உடம்பு வெறும் உடம்பு. அதை மூட வேண்டும். நான் போடுவது கார்னோபா மெழுகு. வடகிழக்குப் பிரேசிலில் நம் பனை மாதிரி விசிறி ஓலை விரிக்கிற ஒரு மரம் இருக்கிறது, அதன் ஓலையில் படிகிற மெழுகு அது. வெயிலில் காய்ந்துவிடாமல் இருக்க அந்த மரம் தன் ஓலைக்குப் பூசிக்கொள்வதை எடுத்து நாம் காருக்குப் பூசுகிறோம். வாசமும் பிடிக்கும், கையால் பூசவும் பிடிக்கும். ஆனால் இந்த வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதம்தான் நிற்கும். உனக்கு வேலையும் படிப்பும், ஆகவே சீலன்ட் என்கிற செயற்கைப் பூச்சைப் போடு, பல மாதம் நிற்கும். எதைப் போட்டாலும் மெல்லிசாக. பறவை எச்சம் விழுந்தால் அன்றைக்கே நனைத்து ஊற வைத்து எடு, காய்ந்ததைச் சுரண்டாதே.

2022இல் கூரையை முடித்த அன்று பின்னேரம் அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா. கோப்பையை நீட்டின கை அப்படியே நின்றது. கூரையில் மாமரம் தெரிந்தது. கிளை, இலை, இலைக்கு நடுவே வானம், எல்லாம் சிவப்புக்குள்ளே அசைந்துகொண்டிருந்தன. அம்மா கோப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சீலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு விரலால் தொட்டுப் பார்த்தா. "அப்பா வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு இப்படித்தான் இருந்தது" என்றா. அவ்வளவுதான் சொன்னா.

அந்த இரண்டடிச் சதுரத்தை அடுத்த சனிக்கிழமையே செய். டேப்பை எடுத்த பிறகு ஒரு படம், டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு படம், துடைத்த துணியை விரித்து ஒரு படம், மூன்றும் எனக்கு வேண்டும். அவற்றை நான் பார்க்கும் வரை பொனட்டில் கை வைக்காதே. மாமி ஆவணியில் அங்கே வரும்போது பழைய பருத்தித் துண்டுகள் கொஞ்சம் கொடுத்து விடுகிறேன், சில்லுத் துடைக்க உதவும், பெயின்டுக்கு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா