பாப்பாவுக்கு, ஈப்போவிலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாட்சப்பில் நான் பேசி அனுப்புவதை நீ கேட்கிறாயா இல்லையா தெரியவில்லை, நீல டிக் மட்டும் விழுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

போன ஞாயிறு அம்மாவும் நானும் டிம் சம் சாப்பிடப் போனோம், கூடை கூடையாக வருமே அந்தச் சீனப் பலகாரம். ஜாலான் லியோங் சின் நாம் தெருவுக்குத்தான், வேறெங்கே. நெட்டை அங்கிளின் பேரனுக்கு ஒரு மாதம் முடிந்ததாம், சிவப்பு முட்டை கொடுத்து, மத்தியானம் வாங்க, கூட்டம் குறைஞ்சிருக்கும் என்றார். எங்கே குறைந்தது? கோலாலம்பூர்க்காரர்களின் கார் இரண்டு பக்கமும் நிற்கிறது, நாம் தின்றுகொண்டிருக்கும்போதே நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்றுகொள்கிறது.

அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. ஒவ்வொரு கூடை வரும்போதும் “இதுல அது இருக்கா?” ஹார் காவை மட்டும் ஆசையாகப் பார்த்தாள். கோதுமையிலிருந்து எடுத்த மாவுச்சத்தில் செய்வதால் வெந்ததும் தோல் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இறால் இளஞ்சிவப்பாகத் தெரியும், பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது. ஆனால் அங்கிள், இறாலோடு கொஞ்சம் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பாங்கம்மா என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பொய் வராது, ரயில் ஷன்டிங்கில் என்னோடு இருந்த காலத்திலேயே அப்படித்தான். அம்மா முட்டை டார்ட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

தேநீர் ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையைத் தட்டுகிற கதையையும் வழக்கம்போல ஆரம்பித்தார், சியான்லோங் ராஜா மாறுவேடத்தில் போய் வேலையாளுக்கே டீ ஊற்ற, மண்டியிட முடியாத அவன் விரலை மடக்கித் தட்டினானாம். நூறு தடவை கேட்டாயிற்று. எனக்குப் பிடித்தது அந்தத் தேநீர்க் குடுவைதான். மூடியைச் சரித்து வைத்தால் போதும், யாராவது வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போகிறார்கள், வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை.

நீயும் மெல்போர்னில் டிம் சம் சாப்பிட்ட படம் போட்டிருந்தாயே. நல்ல படம். அம்மா அதை அத்தைக்கெல்லாம் காட்டி, என் மகள் அங்கே எப்படி இருக்கிறாள் பார் என்றாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று கூடை, ஒரு கோப்பை. எதிர்ப்பக்கம் சாப்ஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து நின்று படம் எடுத்தார் போல, இருக்கட்டும். தனியாகப் போய்ச் சாப்பிடுகிற சாப்பாடா அது? மாப்பிள்ளைக்கு வேலை அதிகமோ? தீபாவளிக்கும் நீ மட்டும்தான் பேசினாய். நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே ராத்திரி ஒரு மணிக்கு உன் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று காட்டுகிறது, அங்கே விடியப்போகிற நேரம். அந்த நேரத்தில் யாரோடு பேசுகிறாய் என்று கேட்கவில்லை, தூங்கு என்றுதான் சொல்கிறேன். தூக்கம் கெட்டால் உனக்குத் தலைவலி வரும்.

2010 மார்ச்சில் உன் எஸ்.பி.எம். பரீட்சை ரிசல்ட் வந்ததே, ஒன்பது ஏ, அன்றைக்கு இதே தெருவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். நீ அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாய். பன்றி வேகிற கடையில் நமக்கென்ன சாப்பாடு என்று வந்ததும் வராததுமாகக் கத்தினேன். சாமி பெயரையும் இழுத்தேன். அன்றிரவு எல்லோரும் மேகி. பாப்பா, அது பொய். ரயில் ஷெட்டில் வாரம் தவறாமல் பன்றிக்கறி வைத்த சார் சியூ பாவ் தின்றவன் நான். சம்பளம் நாலு நம்பர் லாட்டரிக் கடையில் போய்விட்டது, பையில் பதினோரு வெள்ளிதான் இருந்தது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை, நல்ல பிள்ளை, அடம் பிடிக்காத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நீ “வேலை ஜாஸ்திப்பா” என்று எழுதும்போதெல்லாம் எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆகிறது. சாக்குச் சொல்கிறவன் குரல் எனக்குத் தெரியாதா, இருபது வருஷம் அதே குரலில்தானே பேசினேன்.

சரி, விடு. நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

லீவு கிடைத்தால் வா. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் நீ மட்டும் வந்தாலும் சரி, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கோலாலம்பூரிலிருந்து ரயிலிலேயே வந்துவிடு. ஸ்டேஷனுக்கு மோட்டாரில் வருகிறேன். ஒரு பெட்டி என்றால் முன்னால் வைத்துக்கொள்ளலாம், இரண்டு என்றால் முன்கூட்டியே சொல், அங்கிளிடம் கார் கேட்க வேண்டும்.

அப்பா