எங்க கம்மாய் அணை இல்லையாம், சரி, அப்ப அதுக்கு என்ன பேருன்னு சொல்லுங்க

நீர்வளத்துறை எஞ்சினியர் சார்களுக்கும் மேடம்களுக்கும், யூனியன் ஆபீஸ்ல கம்மாய் ஃபைல் பாக்குறவங்களுக்கும், கலெக்டர் ஆபீஸ் பேரிடர் பிரிவுக்கும் வணக்கம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துல, தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவுல ஒரு சின்ன ஊர்க்காரன். ஊர் பேர் போடல, இந்த வரிசையில எந்த ஊர் பேர போட்டாலும் கதை இதே தான். மேக்க கம்மாய், அதான் பாசன ஏரி, கரைக்கு கீழ வயலு, வயலுக்கு அப்பால ஈசிஆர் ரோடு, அதுக்கு கிழக்க கடல். அப்படித்தான் இருந்துச்சு. இப்ப கரைக்கும் வயலுக்கும் நடுவுல ரெண்டு தெரு, ஒரு அங்கன்வாடி, பாதி கட்டி நிக்குற ஒரு மண்டபம்.

கம்மாய் ஒண்ணும் பெருசு இல்ல, அணைச் சட்டக் கணக்குல இது அணையே இல்ல. நாரை பறக்காத 48 மடைன்னு சொல்லுவாங்களே ராஜசிங்கமங்கலம் கம்மாய், அதுக்கு பக்கத்துல வச்சா எங்களது தேங்குன குட்டை. கரை 11 அடி உசரம், வயலுக்கு தண்ணி திறந்து விட ரெண்டு மடை, நெறஞ்ச தண்ணி வழிஞ்சு போக ஒரு கலுங்கு. நெறஞ்சா 60 ஏக்கர்ல சராசரி 4 அடி தண்ணி நிக்கும், கணக்கு போட்டா கிட்டத்தட்ட 3 லட்சம் கன மீட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரில 25,000 லோடு. குடத்துக்கு காசு குடுத்து தண்ணி வாங்குற ஊருங்க இது, லோடு கணக்குல சொன்னாத்தான் எங்களுக்கே உறைக்குது.

போன ஐப்பசில ஒரு நாள் ராத்திரி, மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும், தெக்கு மடைக்கு பக்கத்துல கரையோட வெளிப்பக்கம் ஊத்து வருதுன்னு பசங்க ஓடி வந்தானுங்க. டார்ச் அடிச்சு பாத்தா தொடை அளவு தடிமன்ல தண்ணி கொப்புளிக்குது. எல்லாரும் மண்ணு மூட்டைய தூக்கி அந்த ஓட்டை மேலயே போட போனோம், முன்னாடி நீர்பாய்ச்சியா இருந்த தாத்தா ஒருத்தர் போட விடல. முதல்ல தண்ணிய கைல அள்ளிப் பாருங்கடா, தெளிஞ்சு வருதா கலங்கி வருதான்னாரு. கலங்கல். டீத்தண்ணி மாதிரி. அப்ப கரைக்குள்ள மண்ணு கரைஞ்சு வந்துகிட்டு இருக்கு, வெளிய அடைச்சா தண்ணி வேற எடத்துல பொத்துக்கும், அதனால ஊத்து மேல மொதல்ல ஆத்து மணலு கொட்டி, அதுக்கு மேல ஜல்லி போட்டு, சுத்தி வட்டமா மூட்டைய அடுக்குங்க, தண்ணி வரட்டும், மண்ணு வரக்கூடாதுன்னு சொன்னாரு. ஜல்லி எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க, மண்டபத்துக்காரர் கிட்ட இன்னும் மன்னிப்பு கேட்டுகிட்டு இருக்கோம். விடிய நாலு மணிக்கு தண்ணி தெளிஞ்சு வர ஆரம்பிச்சுச்சு.

அந்த ராத்திரி ஆபீசுக்கு போன் போட்டோம். ஒரு ஆபீஸ்ல இது பஞ்சாயத்து யூனியன் கம்மாய்னாங்க, இன்னொரு ஆபீஸ்ல ஆயக்கட்டு எவ்வளவுன்னாங்க, அதான் கம்மாய் தண்ணி பாயுற நிலம் எத்தன ஏக்கர்னு. ராத்திரி ஒண்ணரை மணிக்கு, இடுப்பளவு சேத்துல நின்னுகிட்டு, ஆயக்கட்டு எவ்வளவுன்னு நான் எங்கங்க பாக்குறது. யார் மேலயும் கோவம் இல்ல, எடுத்தவங்க தூக்கத்துல இருந்து எந்திரிச்சு தான் பேசுனாங்க. ஆனா அந்த ஒரு கேள்வி தான் என்னைய இந்த மடல எழுத வச்சுது.

100 ஏக்கருக்கு மேல பாசனம்னா உங்க துறை, கீழன்னா யூனியன், இது எங்களுக்கும் தெரியும். எங்களது ரெஜிஸ்டர்ல 94 ஏக்கர். அந்த 94ல இன்னைக்கு நெல்லு போடுறது பாதி கூட இல்ல, மிச்சம் பிளாட்டு கல்லு. அதாவது ஆயக்கட்டு கொறைய கொறைய கம்மாயோட மதிப்பு பேப்பர்ல கொறையுது, மராமத்து லிஸ்ட்ல கீழ போகுது. அதே நேரம் ஆயக்கட்டு கொறையுற எடத்துல தான வீடு முளைக்குது? கரை உடைஞ்சா முன்னாடி நாத்து போகும், இப்ப ஆளு போகும். நெல்ல எண்ணி தான் கம்மாய தரம் பிரிச்சிருக்கீங்க, தலைய எண்ணல.

2021 அணைப் பாதுகாப்பு சட்டத்த படிச்சேன். 15 மீட்டருக்கு மேல உசரம்னா உள்ள வரும், 10ல இருந்து 15க்குள்ளன்னா நீளம், கொள்ளளவுன்னு சில கண்டிஷன் இருக்கு. எங்க கரை மூணரை மீட்டர் கூட இல்ல. அணைக்கு வெள்ளம் கணக்கு போடுற இந்திய தர நிர்ணயத்துல, அதான் ஐஎஸ் 11223, சின்ன அணைங்கற வரிசையே 5 லட்சம் கன மீட்டர்ல தான் ஆரம்பிக்குது. நாங்க அந்த சின்னதுக்கும் சின்னது. கம்மாய அணை சட்டத்துல சேக்கணும்னு நான் கேக்கல, சேத்தா தமிழ்நாட்டுல இருக்குற 39,000 ஏரி கம்மாய்க்கும் ஃபைல் போட்டே உங்க ஆயுசு முடிஞ்சிரும். ஆனா அணைக்கு மத்திய நீர் ஆணையம் ஆபத்து வகைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல அணை நல்லா இருக்கா ஓட்டையாங்கறது பேச்சே இல்ல, உடைஞ்சா கீழ யாருக்கு என்ன ஆகும்ங்கறது தான் அளவு. அந்த ஒரு யோசனைய மட்டும் எங்க ரெஜிஸ்டருக்கு கடனா குடுங்க.

சின்ன மண் கரை என்ன பண்ணிரும்னு நெனைக்கிறவங்களுக்கு, மகாராஷ்டிரால ரத்னகிரி பக்கம் திவாரேன்னு ஒரு சின்ன மண் அணை 2019 ஜூலை 2 ராத்திரி உடைஞ்சு 20 பேர் கிட்ட போயிட்டாங்க. கசியுதுன்னு ஊர்க்காரங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அப்புறமா ஒரு அமைச்சர் நண்டு தோண்டுனதுல உடைஞ்சதுன்னாரு. நண்டு எங்க கரையிலயும் இருக்கு, அது மேல கேஸ் போட எங்களுக்கு ஆச இல்ல.

மழையும் முன்ன மாதிரி இல்ல. நம்ம மாவட்டத்துக்கு வருஷ சராசரியே 827 மில்லிமீட்டர். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல. அது கொஞ்சம் வடக்க தள்ளி பேஞ்சிருந்தா எங்க கலுங்கு தாங்காது. தாங்காததுக்கு எங்க பங்கும் உண்டு, மறைக்கல. இன்னும் ஒரு அடி தண்ணி நிக்கட்டும்னு கலுங்கு மேல மண்ணு மூட்டைய அடுக்குறது நாங்க தான். மிளகாய்க்கு கடைசி தண்ணி பத்தாதுன்னு பயம். அந்த ஒரு அடி, வெள்ளம் தாண்டி போறதுக்கு விட்ட வழிய அடைக்குது, தண்ணி கரை மேல ஏறி வழிஞ்சா மண் கரை அரை நாள் கூட நிக்காது.

இன்னொண்ணு, மண்ணு. இது கடற்கரை மண்ணு, உவரு. ஊத்து வந்த எடத்துல இருந்து சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி எடுத்துட்டு வந்து, கண்ணாடி டம்ளர்ல மழைத்தண்ணி ஊத்தி உள்ள விட்டேன். கலக்கல, ஆட்டல. பத்து நிமிஷத்துல கட்டிய சுத்தி பால் மாதிரி ஒரு படலம் வந்துச்சு, கொஞ்ச நேரத்துல டம்ளர் முழுக்க மங்கல், மறுநாள் காலைல பாத்தாலும் தெளியல. வடக்கு மடை பக்கத்து கட்டி சும்மா இடிஞ்சு அடில உக்காந்துச்சு, தண்ணி தெளிவா இருந்துச்சு. ஆட்டாமலே தண்ணில கரையுற மண்ணு, கசிவு வந்தா கரைக்குள்ள இருந்து கரைஞ்சு போயிரும். உங்க லேப்ல இதுக்கு முறையான டெஸ்ட் இருக்கும், தெக்கு பக்கம் கரைக்கு மண்ணு எங்க இருந்து எடுத்தாங்களோ அந்த எடத்துல இனிமே எடுக்கக்கூடாதுன்னு எனக்கு டம்ளரே சொல்லிருச்சு. கோடையில அந்த பக்கம் கை நுழையுற அளவுக்கு வெடிப்பு வேற. கரையில நிக்குற சீமைக் கருவைய ஏலம் விட்டு வெட்டுறாங்க, நல்லது தான், ஆனா கட்டைய விட்டுட்டு போயிடறாங்க, வேரு மக்குனா கரைக்குள்ள அதுவே குழாய்.

கேக்குறது பெருசு இல்ல. கம்மாய் ரெஜிஸ்டர்ல ஆயக்கட்டு எழுதுற கட்டத்துக்கு பக்கத்துல இன்னொரு கட்டம் போடுங்க, கரைக்கு கீழ எத்தன வீடு, ஸ்கூல் இருக்கா, ரோடு இருக்கா. அந்த நம்பர் பெருசா இருக்குற கம்மாய்க்கு, அது யார் கம்மாயா இருந்தாலும், புரட்டாசிக்குள்ள ஒரு எஞ்சினியர் கரைய நடந்து பாக்கட்டும். ராத்திரி போன் பண்ணா ஆயக்கட்டு கேக்காத ஒரு நம்பர் குடுங்க. மேல இருக்குற கம்மாய் உடைஞ்சா அடுத்தது எங்களது, எங்களுக்கு கீழ இன்னும் ரெண்டு, அதனால ஒத்த கம்மாயா பாக்காம வரிசையா பாருங்க. கலுங்கு மூட்டைய எடுக்குறது எங்க பொறுப்பு, ஊர் கூட்டத்துல பேசிட்டேன், பாதி பேரு முறைச்சாங்க, எடுத்துருவோம்.

வரும்போது ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டு வாங்க. கரை மேல ஜீப் போகாது, டூவீலர்ல தெக்கு மடை வரைக்கும் கூட்டிட்டு போறேன், டம்ளர் ரெண்டும் கழுவாம அப்படியே வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
தெக்கு மடை ஆயக்கட்டுக்காரன் ஒருத்தன்