பிரிவுக்கு வந்த புதியவர்கள்

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. அத்தையையும் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்.

எங்கள் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்குப் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். எல்லாரும் பட்டதாரிகள். சேர்ந்த அன்று வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, ஒரு நாற்காலி, ஒரு கட்டுத் தபால். அவ்வளவுதான். டிஎன்பிஎஸ்சி மூலம் வந்த உங்களுக்குப் பவானிசாகர் அரசு அலுவலர் பயிற்சி நிலையம் இருந்தது. வரும் தபால்களைப் பதியும் தன்பதிவேடு எழுதுவது, கோப்பு தொடங்குவது, வரைவு போடுவது எல்லாம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பக்கத்து இருக்கைக்காரருக்கு மனசிருந்தால் கற்றுக்கொள்ளலாம்.

அதில் ஒரு பெண்ணுக்கு உண்மைத்தன்மைச் சான்று வேலை. அரசுத் துறைகளும் வங்கிகளும் அனுப்பும் சான்றிதழ் நகல்களைப் பழைய மதிப்பெண் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்துப் பதில் எழுத வேண்டும். வாடிப்போய் இருந்தாள். என்னம்மா என்று கேட்டால், "நம்பரைப் பாக்குறேன், டிக் போடுறேன் மேடம். எதுக்குன்னே தெரியல" என்றாள். ஒரு கோப்பை எடுத்துக் காட்டினேன். அது ஒரு அரசுப் பள்ளி ஆசிரியருடையது. நம் பதில் போகாமல் அவருக்குப் பணியை முறைப்படுத்தும் பணிவரன்முறை ஆணை வராது. அந்த ஆணை இல்லாமல் அடுத்தடுத்த எதுவும் நகராது. முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுவாரம் தேங்கிக் கிடந்த கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, பழையதை முதலில் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை.

ஆனால் மலர், நிரந்தரமாகாமல் மொத்தமாக ஒரு சம்பளத்தில், தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கணக்காக இருப்பவர்களிடம் போய் இதைச் சொல்ல எனக்கு நா எழாது. யாருக்காக இந்த வேலை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதே பெரும்பாலும் அவர்கள்தான். கற்றுக்கொண்டவர் நிரந்தரம், கற்றுக்கொடுத்தவர் தற்காலிகம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

பதிவாளருக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் மாதம் புதியவரிடம் தனிப் பொறுப்பு எதுவும் கொடுக்காமல், தபால் வாங்குவது முதல் அனுப்புகை வரை ஒவ்வொரு இருக்கையிலும் உட்காரவைக்க வேண்டும். கற்றுக்கொடுப்பவர் தொகுப்பூதியக்காரராக இருந்தாலும் அந்த மாதத்துக்குத் தனியாகப் படித்தொகை தர வேண்டும். இரண்டாவது கிடைப்பது கஷ்டம்தான், இருந்தாலும் எழுதாமல் விடப்போவதில்லை.

பவானிசாகரில் கொடுத்த பாடக்குறிப்புகளை நீ பத்திரமாக வைத்திருப்பாய். நகலெடுத்து அனுப்பு, குறிப்போடு இணைத்துக்கொள்கிறேன். அப்புறம், மாமாவுக்கு எப்போது கண்ணாடி போடப் போகிறார்கள் என்பதையும் எழுது.

அன்புடன்,
சித்ரா